ஏடிசி பயிற்சி வேலைக்கு மனுப் போடும் முன் எதை முதலில் பார்ப்பது?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணி, விமானங்களுக்கு வானொலியில் வழிகாட்டும், நாம் சாதாரணமாக ஏடிசி என்று சொல்கிற வேலை, அதற்குப் பயிற்சியாளர்களை எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தால் போதும், இங்கே மலேசியாவில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அது ஒரே நாளில் சுற்றிவிடும். கூடவே "கண்ணாடி போட்டவர்களை எடுக்க மாட்டார்களாம்", "உயரம் பார்ப்பார்களாம்", "பைலட் படித்திருக்க வேண்டுமாம்" என்று ஆளுக்கொரு செய்தியும் சேர்ந்து வரும்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), டிப்ளோமா முடித்த பிள்ளைகளுக்கு மனுப் பாரம் நிரப்ப உதவி செய்து வருகிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் இந்த வேலையைக் கோட்டைவிடுவது தேர்வு அறைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சிலர் கேள்விப்பட்டதை நம்பி மனுவே போடுவதில்லை. சிலர் மாற்ற முடியாத விஷயத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள், மாற்றக்கூடியதற்கு முதலில் காசைச் செலவு பண்ணுகிறார்கள். வரிசையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் நிறைய அலைச்சல் மிச்சம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வேலைக்கு இரண்டு விதமான தகுதி இருக்கிறது. ஒன்று, ஆள் எடுப்பவர்கள் விளம்பரத்தில் போடுவது: குடியுரிமை, வயது, எஸ்பிஎம் பாடங்கள், டிப்ளோமா. எடுப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், அதாவது சிஏஏஎம். 2018 பிப்ரவரி 19-இல் பழைய சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவுக்குப் பதிலாக வந்தது அதுதான். விளம்பரத்துக்கு விளம்பரம் இந்த நிபந்தனைகள் மாறலாம், அதனால் போன தடவை அண்ணன் மனுப் போட்டபோது இருந்ததை வைத்து முடிவு பண்ணாதீர்கள். இரண்டாவது, லைசென்ஸ் வாங்குவதற்கான தகுதி: உடல்நலம், ஆங்கிலம், வயது. இதற்கு அடிப்படை ஐகாவோ என்கிற அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு. விளம்பரத்தில் ஒரே வரியில் "உடல்நலத் தகுதி பெற்றிருக்க வேண்டும்" என்று போட்டிருந்தாலும் அதன் பின்னால் முழு மருத்துவப் பட்டியலே இருக்கிறது. பயிற்சி வேலை கிடைத்துவிட்டது, ஆனால் மருத்துவச் சான்று கிடைக்கவில்லை என்றால் கண்ட்ரோலர் ஆக முடியாது.

ஆக, நம் கையில் இல்லாதவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

குடியுரிமை. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், நீல நிற ஐசி, அதாவது அடையாள அட்டை. இதைப் படிக்கும் பலருக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஆனால் நம் சமூகத்தில் இங்கேயே பிறந்து இங்கேயே படித்துவிட்டு இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் இப்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் அந்த வேலையைத் தொடங்குங்கள். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் அந்த முறை கண்டிப்பாக முடியாது.

வயது. ஐகாவோ விதிப்படி லைசென்ஸ் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சியில் சேர அதைவிடக் குறைவாக இருக்கலாம், அது விளம்பரத்தைப் பொறுத்தது. வயது வரம்பை எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பாருங்கள், பெரும்பாலும் விளம்பரத்தின் கடைசித் தேதியாக இருக்கும்.

இனி உடம்பு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம், ஏனென்றால் கட்டுக்கதை அதிகம் ஓடுவது இங்கேதான்.

ஏடிசிக்கு வேண்டியது மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று. ஏர்லைன் பைலட்டுக்கு வேண்டியது முதலாம் வகுப்பு. இரண்டும் வேறு வேறு. மூன்றாம் வகுப்பில் கண் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனியாக ஏறக்குறைய 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும், இது கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சரி, போடாமல் பார்த்தாலும் சரி. அதாவது கண்ணாடி போட்டால் இந்த அளவு வந்துவிடுகிறதா, அவ்வளவுதான் கேள்வி. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வேலை நேரத்தில் ஒரு மாற்றுக் கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். தூரப் பார்வை மட்டும் இல்லை, கிட்டத்துப் பார்வையையும் சோதிப்பார்கள், வேலை முழுக்கத் திரையைப் பார்ப்பதுதானே. ஐகாவோவின் மருத்துவத் தரத்தில் உயரத்துக்கு என்று ஒரு அளவு கிடையாது.

கண்ணாடியால் சரிபண்ண முடியாதது நிறப்பார்வை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் வானொலி பழுதான விமானத்துக்குச் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்கால் சைகை காட்ட வேண்டிவரும், ராடார் திரையிலும் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்த இஷிஹாரா படத் தாள்களைக் காட்டித்தான் வழக்கமாகச் சோதனை ஆரம்பிக்கும். ஆண்களுக்குத்தான் இந்தக் குறை அதிகம், அதுவும் பலருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. போனில் இந்தப் படங்களைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், திரையின் நிறம் போனுக்குப் போன் மாறும். கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் போய் "நிறப்பார்வை பார்க்க வேண்டும்" என்று கேட்டால் அச்சடித்த புத்தகத்தை வைத்தே பார்த்துவிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது, செலவும் அதிகம் இல்லை.

காது: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் கேட்கும் திறன் குறைந்திருக்கக் கூடாது, இரண்டு காதிலும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அளவு கொஞ்சம் தாண்டினாலும், கண்ட்ரோல் அறையில் இருப்பது போன்ற இரைச்சலுக்கு நடுவே ஒழுங்காகக் கேட்கிறது என்று நிரூபிக்க வழி இருக்கிறது. இயர்போனை முழுச் சத்தத்தில் வைத்துத் தூங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

நம்மவர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டியது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போடும் நிலையில் இருந்தால் ஐகாவோ தரப்படி தகுதி இல்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலோ பொருத்தமான மாத்திரையிலோ நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் மருத்துவர் பரிசீலிக்க இடம் உண்டு. வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருக்கிறதென்றால் இருபது வயதிலேயே ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுவது நல்லது, வேலைக்காக மட்டும் இல்லை. வலிப்பு நோய் இருப்பதாக உறுதியானவர்களுக்கும், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்த வரலாறு உள்ளவர்களுக்கும் இங்கே பெரிய தடை இருக்கிறது. சிறுவயதில் ஒரே ஒரு தடவை காய்ச்சலில் இழுப்பு வந்தது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், பழைய மருத்துவமனைக் கடிதம் இருந்தால் எடுத்துப் போங்கள். மறைத்து, பிறகு தெரியவந்தால் அந்தப் பொய்யே தனிப் பிரச்சினையாகிவிடும். ஆஸ்துமா, கண்ணில் லேசர் அறுவை, பழைய எலும்பு முறிவு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான்: அறிக்கையோடு போங்கள்.

உண்மையான சான்றை சிஏஏஎம் நியமித்த விமான மருத்துவப் பரிசோதகர்தான் தர முடியும், வீட்டுப் பக்கத்துக் கிளினிக் டாக்டரின் கையெழுத்து செல்லாது. ஆனால் விளம்பரம் கேட்காதபோது முன்கூட்டியே முழுப் பரிசோதனைக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். கண், காது, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இந்த நான்கையும் சாதாரண இடத்தில் பார்த்துவிட்டு மனுப் போடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் இது தொடரும், ஐகாவோ விதிப்படி 40 வயதுக்குள் அதிகபட்சம் 48 மாதத்துக்கு ஒரு முறை, 40 தாண்டினால் 24 மாதத்துக்கு ஒரு முறை.

அடுத்து காகிதம்

எஸ்பிஎம்மில் கிரெடிட் என்றால் C-யும் அதற்கு மேலும். D, E தேர்ச்சி மட்டும்தான், கிரெடிட் இல்லை, இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மனுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்கம் சார்ந்த வேலைக்குப் பெரும்பாலும் மலாய் மொழியில் கிரெடிட் கேட்பார்கள், இந்த வேலைக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் பக்கமும் கண் போகும். மலாயில் கிரெடிட் விட்டுப்போனவர்களுக்கு எஸ்பிஎம் உலாங்கான் இருக்கிறது, அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். மற்ற எல்லாம் நன்றாக இருந்து மலாய் மட்டும் D என்றால், அடுத்த விளம்பரம் வரும்வரை காத்திருக்கும் காலத்தை இதற்குப் பயன்படுத்துங்கள்.

டிப்ளோமா அல்லது பட்டம் கேட்டால் உங்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கிற எம்கியூஏவின் எம்கியூஆர் பதிவேட்டை இணையத்தில் திறந்து நீங்கள் படித்த அதே பாடத்திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அதே கல்லூரியில் ஒரு பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் பிள்ளைகளின் கோப்பைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிறையில் ஒரு பெண்பிள்ளையின் காகிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம்: பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக் கூட்டலில், ஐசியில் வேறு கூட்டலில், டிப்ளோமாவில் 'மகள்' என்பதைக் காட்டும் ஏ/பி என்பதே இல்லாமல் இரண்டு பெயரும் ஒட்டி ஒரே பெயராக. மூன்றும் அவளுடையதுதான், ஆனால் கணினியில் பதிகிறவருக்கு அது மூன்று ஆள். ஐசியில் இருக்கிற பெயரை அப்படியே, ஏ/எல் ஏ/பி உட்பட, மனுவில் எழுதுங்கள். சான்றிதழைத் திருத்த முடிந்தால் தந்தவர்களிடமே கேட்டுத் திருத்துங்கள். முடியாவிட்டால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சூராட் அக்குவான், அதாவது சத்தியப் பிரமாணக் கடிதம், செய்து கோப்பில் வைத்துவிடுங்கள். இதை விளம்பரத்துக்கு முன்பே செய்ய வேண்டும், கடைசித் தேதிக்கு முதல் நாள் ஆணையரைத் தேடி ஓடுகிற கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். போனில் சாய்வாகப் பிடித்து, மின்விசிறி நிழல் விழுந்த படத்தை அனுப்பாதீர்கள்.

யாராவது "உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு வெள்ளி கொடுத்தால் இடம் உறுதி" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சிஏஏஎம்மின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிற விளம்பரம், அதில் சொன்ன வழி, அது மட்டும்தான் வழி.

ஆங்கிலம்

2008 மார்ச் 5 முதல் அனைத்துலக அளவில் கண்ட்ரோலர்களுக்கும் பைலட்டுகளுக்கும் மொழித் திறன் விதி நடப்பில் இருக்கிறது. ஆறு நிலைகள், நான்காவது நிலையாவது இருந்தால்தான் வேலை செய்யலாம். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளுதல், பதிலுக்குப் பதில் பேசுதல் என்று ஆறு பகுதியாகப் பார்ப்பார்கள், ஆறில் எது குறைவோ அதுதான் உங்கள் நிலை. மற்ற ஐந்து பகுதியிலும் நன்றாக இருந்து உச்சரிப்பில் மட்டும் மூன்று என்றால் உங்கள் நிலை மூன்றுதான்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்துக்காரர் போலப் பேசச் சொல்லவில்லை, நம் வாடை இருக்கலாம், எதிரில் இருப்பவருக்குப் புரிவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் நாக்குக்குச் சிக்கல் தருகிற இடங்கள் தெரிந்தவைதான்: 'ஃப' வர வேண்டிய இடத்தில் 'ப' வந்துவிடும், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடுவோம், பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலித்துவிடும். எண்ணைத் தவறாகக் கேட்டால் உயரம் தவறாகும் என்பதால்தான் வானொலியில் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள், ஒன்பதை 'நைனர்' என்கிறார்கள். வேகமும் முக்கியம், நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகாமல் ஒரே சீராகப் பேச வேண்டும் என்பது ஐகாவோவின் பரிந்துரை. வேகமாகப் பேசினால் ஆங்கிலம் நன்றாக வரும் என்று காட்டலாம் என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

பயிற்சி இப்படிச் செய்யுங்கள். வானொலிச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்வதைப் பயிற்சிக்கூடத்துக்கு விட்டுவிடுங்கள், அதை அவர்களே சொல்லித்தருவார்கள். சோதனையில் தெரியவருவது எதிர்பாராத ஒன்றைச் சாதாரண ஆங்கிலத்தில் விளக்க முடிகிறதா என்பது. பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி, ஓடுபாதையில் பறவைக் கூட்டம், சக்கரம் இறங்கவில்லை என்று மூன்று நிலைமையை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பேசிப் போனில் பதிந்து திரும்பக் கேளுங்கள். பிறகு அந்தப் பதிவை உங்கள் வீட்டிலேயே ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள், எந்த எண்ணைச் சொன்னீர்கள் என்று அவரால் எழுத முடிந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

தேர்வில் தலைக்கணக்கு

திறன் தேர்வில் பெரிய கணிதம் தேவைப்படாது, ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் சட்டென்று வர வேண்டும், அதுவும் இன்னொன்றைக் கவனித்துக்கொண்டே. பினாங்கு ஓடுபாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸில் இருக்கிற பினாங்கு விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை, 3352 மீட்டர், ஒரு முனை 04, மறுமுனை 22. திசைகாட்டியின் பாகையில் கடைசிச் சுழியத்தை எடுத்துவிட்ட எண் அது, 40 பாகை, 220 பாகை. எதிர்த்திசைக்கு 180 கூட்ட வேண்டும், தலைக்குள் 200 கூட்டி 20 கழித்தால் சுலபம். இப்போது 135-க்கு எதிர்த்திசை? 315. இதைப் பஸ்ஸில் போகும்போது பத்துப் பத்தாகச் செய்துகொண்டே வாருங்கள்.

வேகம்: 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் போகிற விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் போகும், 420 என்றால் 7. ஒரே பாதையில், ஒரே உயரத்தில், முன்னால் 420-இல் ஒன்று, அதற்கு 20 மைல் பின்னால் 480-இல் இன்னொன்று. ராடாரில் இரண்டுக்கும் நடுவில் 5 மைல் குறையாமல் இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? இடைவெளி நிமிடத்துக்கு ஒரு மைல் சுருங்குகிறது, 15 மைல் சுருங்கினால் எல்லை, ஆக 15 நிமிடம். அதற்குள் வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும், இல்லை 1000 அடி உயரத்தைப் பிரித்துவிட வேண்டும். இறக்கத்துக்கு ஒரு தோராயம்: 1000 அடி இறங்க 3 மைல். 35,000 அடியிலிருந்து 10,000-க்கு வர ஏறக்குறைய 75 மைல். ஃபிளைட்ரேடார்24-ஐத் திறந்து பினாங்குக்கு வருகிற விமானம் எங்கே இறங்க ஆரம்பிக்கிறது என்று இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நேர்முகத்தில்

நாட்டின் வான்வெளி கோலாலம்பூர், கோத்தா கினபாலு என்று இரண்டு விமானத் தகவல் மண்டலங்களாக இருப்பது, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதை இருப்பது, பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருப்பதால் அங்கே வான்வெளி நெருக்கமாக இருப்பது, இதெல்லாம் தெரிந்திருக்கட்டும். 2019-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ மலேசியாவின் பாதுகாப்புத் தரத்தை, அனைத்துலகத் தரத்தை எட்டவில்லை என்று பொருள்படும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கியதும் 2022-இல் மீண்டும் முதல் பிரிவுக்கு ஏற்றியதும் இந்தத் துறைக்குப் பெரிய விஷயம், அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசத் தெரிய வேண்டும்.

ஷிப்ட் வேலை முடியுமா, சபா சரவாக்கில் போட்டாலும் போவாயா என்று கேட்பார்கள். தீபாவளி அன்றும் விமானம் பறக்கும், நடுச்சாமத்திலும் பறக்கும். இதை அம்மா அப்பாவிடம் முன்பே பேசிவிட்டுப் போங்கள், அப்போதுதான் பதில் தடுமாறாமல் வரும். லைசென்ஸ் உடனே கிடைத்துவிடாது என்பதும் வீட்டுக்குத் தெரிய வேண்டும்: வகுப்பு, சிமுலேட்டர், அப்புறம் உண்மையான இடத்தில் ஒரு கண்ட்ரோலரின் மேற்பார்வையில் வேலை. ஐகாவோ கணக்கில் கோபுரப் பணித் தகுதிக்கே குறைந்தது 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், இதில் எது அதிகமோ அது. விமான நிலையத்தை நெருங்கிவரும் விமானங்களைக் கவனிக்கிற அணுகு கட்டுப்பாட்டுக்கு 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம்.

மனு அனுப்பிய பிறகு மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்கள், போன் எண்ணை மாற்றாதீர்கள். அழைப்பு கேஎல்ஐஏ இருக்கிற செப்பாங் பக்கம் வந்தால் பினாங்கிலிருந்து அன்று காலையே கிளம்பிப் போய்ச் சேரலாம் என்று நினைக்க வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரலுக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுக்கும், அங்கிருந்து விரைவு ரயிலில் கேஎல்ஐஏ இன்னும் 28 நிமிடம். முதல் நாளே போய்விடுங்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். அசல் சான்றிதழ்கள், நகல்கள், ஐசி, சூராட் அக்குவான், கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னொரு கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில், மனுவில் கேட்ட அதே வரிசையில் அடுக்கி, தூங்கும் முன் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.